உள்ளே விட்ட துணி

அளவு டேப்பை இறக்கி வைத்துவிட்டேன். ஊசிக்கண் தெரியவில்லை, இடுப்பு பெடலுக்கு ஒத்து வரவில்லை. தையல் கடை இப்போது என்னிடம் வேலை படித்த இரண்டு பிள்ளைகள் கையில். நன்றாக நடக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் குறை சொல்லுவேன்.

நம் தையல்காரர் சங்கத்து மலருக்குப் புதுப் பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதித் தா என்றார்கள். நான் ஏழாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வெட்டுவது, தைப்பது பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அதை நீங்கள் போனில் பார்த்துப் படிக்கிறீர்கள். நான் படித்ததைவிட வேகமாகத்தான் படிக்கிறீர்கள். போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டேப்பைப் பிடிக்கும்போது நமக்கு எதிரே ஒரு ஆள் நிற்கிறதல்லவா, அந்த ஆளைப் பற்றி.

நான் மெலிந்த ஆள். சின்னதிலிருந்தே இப்படித்தான். தின்றாலும் இப்படி, பட்டினி கிடந்தாலும் இப்படி. அதனால் உடம்புத் தடியைக் குறைக்கிறவர்கள் படும் பாடு எனக்கு வெகுகாலம் புரியவில்லை. மனசு வைத்தால் குறையும், வைக்காவிட்டால் குறையாது என்றுதான் நினைத்திருந்தேன். தனுவச்சபுரம் ஜங்ஷனில் கடை போட்டு, ஊர்ப் பெண்களின் உடம்பைத் தொட்டு அளந்து அளந்துதான் அது அப்படி இல்லை என்று தெரிந்தது. எப்படி என்று இன்னும் முழுசாகத் தெரியாது. தெரிந்தது வரைக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் தொழிலுக்கு வந்த முதல் மாதமே ஒருத்தி வந்து நிற்பாள். "அக்கா, கொஞ்சம் டைட்டாவே தையுங்க. கல்யாணத்துக்குள்ள நான் குறைப்பேன்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அது அவளுக்கு உண்மை. அவள் சொன்னபடி வெட்டிவிட்டால் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீங்கள் இரண்டு பேரும் அழுவீர்கள். வெட்டின துணி திரும்ப வராது.

எனக்கு வேலை சொல்லித்தந்த மாஸ்டர் பனச்சமூட்டில் கடை வைத்திருந்தார். இதற்கு அவரிடம் ஒரே வழிதான். தாராளமாக வெட்டு, இன்றைக்கு உள்ள உடம்புக்குத் தை, மிச்சத்தை உள்ளே விடு. பிளவுஸின் இரண்டு பக்கமும் உள்ளே விரல் அகலத்துக்குத் துணி விட்டு, அதில் ஒன்றை ஒட்டி ஒன்றாக நாலைந்து தையல் போடுவார். உடம்பு கூடினால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். அடுத்த தையல் தாங்கிக்கொள்ளும். பிரித்த இடத்தில் ஊசித் துளை வரிசையாக நிற்கும். வெளியே தெரியாது. உள்ளே திருப்பினால் தெரியும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளாத பழக்கம் ஒன்றும் உண்டு. அளவைச் சத்தமாகக் கூவுவார். தூரத்தில் ஒருவன் இருந்து எழுதுவான். ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும். ஒரு நாள் முறைக்குக் காத்திருந்த ஒரு பெண், தனக்கு முன்னால் நின்றவளின் இடுப்பளவைக் கேட்டதும் எழுந்தாள். "பஸ் வந்துட்டு, நான் பெறகு வாறேன்" என்று போனாள். பஸ் ஒன்றும் வரவில்லை. அவளும் வரவில்லை. என் கடையில் அளவை நானே பார்த்து நானே எழுதுவேன். நேரம் கூடுதல் ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று. மெலிந்தவளைப் பார்த்ததும் "கொள்ளாம், நல்லா குறைஞ்சுட்டிய" என்று சொல்லாதீர்கள். ஒரு டீச்சர் மூன்று மாதத்தில் பாதியானார். கடையில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். நான் அளவெடுக்கும்போது கையில் எலும்பு தட்டியது. "டீச்சர், நீங்க குறைக்கணும்னு குறைச்சதா, தானா குறைஞ்சதா?" என்று காதோடு கேட்டேன். தானாக என்றார். டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்த்தார், சிகிச்சை எடுத்தார், இப்போதும் இருக்கிறார். உடம்பு கூடுவதும் குறைவதும் ஏன் என்று நமக்குத் தெரியாது. தெரியாததைப் பாராட்டவும் கூடாது, ஏசவும் கூடாது.

இனி ஷைலா கதை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஷைலா நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரம் ஜங்ஷனில் இறங்குவாள். வீடு கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கம், வயலும் தென்னந்தோப்பும் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். கடையில் யூனிபாம் மெரூன் சேலை, அதே நிறத்தில் பிளவுஸ். அந்த யூனிபாமை லேசில் மாற்றமாட்டார்கள். வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தி அந்தப் பிளவுஸ்களைக் கொண்டுவருவாள். நான் ஒரு தையல் பிரித்துக் கொடுப்பேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். சுகர். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். கடைசி வரை தூக்கி உட்கார வைத்ததும் கழுவி விட்டதும் ஷைலாதான். ஒரு வருசம் அவள் கடையில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தபோது ஷைலாவுக்கும் சுகர் விளிம்பில் நின்றது. இன்னும் நோய் ஆகவில்லை, உடம்பைக் குறை, நட, மார்ச்சில் திரும்பப் பார்ப்போம், கூடியிருந்தால் மாத்திரை தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"மாத்திரைக்குப் பயமில்ல அக்கா" என்றாள் என்னிடம். "எத்தனையோ பேரு தின்னுதாவ. ஆனா அம்மைக்க காலு என் கண்ணுல நிக்குது."

முதலில் சோற்றை விட்டாள். இரண்டு வாரத்தில் தலை சுற்றி சேலைக் கட்டோடு விழுந்தாள். அடுத்து, சொந்தக்காரி ஒருத்தி விற்ற பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்தாள். டப்பா தீர்ந்ததோடு அதுவும் தீர்ந்தது. மூன்றாவது தடவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான்.

ஓணம் கழிந்து தொடங்கினாள். என் மெஷின் ரோட்டைப் பார்த்துக் கிடக்கும். போகும்போது கை காட்டுவாள். நான் தலையாட்டுவேன். மழைக்கும் குடை பிடித்து நடந்தாள். அந்த நேரம் வந்தால் நான் என்னை அறியாமல் ரோட்டைப் பார்ப்பேன். வேறொன்றும் இல்லை, இந்தத் தடவை எவ்வளவு நாள் போகும் என்று பார்க்க ஒரு ஆசை.

நவம்பரில் நின்றது. ஆட்டோ போகும், உள்ளே மெரூன் நிறம் தெரியும். என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. தையல்காரி கேட்கிற கேள்வி இல்லை அது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வந்தாள். அன்று கடையில் நிற்க இடமில்லை. சர்ச்சில் பாடுகிற கோயர் பிள்ளைகளின் வெள்ளைச் சேலைக்குப் பிளவுஸ், ஒரு கல்யாண வேலை, போதாததற்கு கரண்ட் வேறு வந்து வந்து போனது. கூட்டத்துக்குள் கையை விட்டு ஒரு கவரை மேசையில் வைத்தாள்.

"அக்கா, இதைப் பிரிச்சுத் தாங்க. உள்ளதெல்லாம் பிரிச்சு விடுங்க."

"எல்லாம்னா?"

"பிரிக்க உள்ளதுல கடைசித் தையலாக்கும் மிச்சம். அதையும் எடுங்க. மூச்சு முட்டுது. இனி நான் ஒண்ணையும் குறைக்கப் போறதில்ல. மாத்திரை தந்தா தின்னுட்டுக் கிடக்கேன்."

பெஞ்சில் லீலாக்கா இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. வந்த வேலை முடிந்தாலும் போகமாட்டாள்.

"எடி ஷைலா, நீ கடையில சேலை விக்கியா, தின்னுதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது ஷைலா. நான் அதைக் கவனித்தேன்.

"தின்னா என்ன லீலாக்கா, உங்க பிளவுஸை எனக்க ஒரு கைக்கு வச்சுத் தைக்கலாம். அவ்வளவுக்கே உண்டு நீங்க."

அதற்கும் சிரித்தார்கள். லீலாக்கா விடவில்லை. "இந்தத் தையலும் போனா பெறகு என்ன செய்வா? ரெண்டு பிளவுஸைக் கூட்டிக் கட்டணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. பிரிப்பது லேசான வேலை. முனை வைத்து நாலு இழுப்பு. பிரித்துக் கொடுத்திருந்தால் கூட்டத்தில் ஒரு ஆள் குறையும். கேட்டதைச் செய்வதுதான் நம் தொழில். நான் கத்திரியைக் கையில் எடுத்தும் விட்டேன்.

ஆனால் எதைப் பிரித்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். திருப்பினேன். என் தையல் வரிக்கும் உள்ளே இன்னொரு வரி இருந்தது. கைத்தையல். ரோஸ் நூல். கோணலும் மாணலுமாக, நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தது. நான் மெரூனுக்கு ரோஸ் நூல் போடுகிற ஆளா?

யாரும் பார்க்குமுன் பிளவுஸைப் பழையபடி திருப்பினேன்.

"உள்ள வா. அளவு பாக்கணும்."

"அளவு என்னத்துக்கு? பாத்தா தெரியாதா?" இது லீலாக்கா.

"உங்களுக்குக் கொக்கி வைக்கணும் லீலாக்கா. நீங்க பேசிட்டே இருந்தா முன்பக்கம் வைக்க வேண்டியதை முதுகுல வச்சிருவேன்."

வாயை அடைத்தாள். ஒரு நிமிடத்துக்கு.

திரைக்குப் பின்னால் வெட்டுத்துணி மூட்டை ஒன்று கிடக்கும். ஷைலா அதன் மேல் உட்கார்ந்தாள். நான் பிளவுஸைத் திருப்பிக் காட்டினேன்.

"இது ஆரு தச்சது?"

"நான்தான்."

"என்னத்துக்கு?"

"நடக்கத் தொடங்குன உடனே ரெண்டு கிலோ குறைஞ்சுது அக்கா. எனக்கு ஒரே சந்தோசம். பெறகு நின்னுட்டு. மெடிக்கல் ஷாப்பு வாசல்ல உள்ள எடை மெஷின்ல வாரம் வாரம் கேறி நிப்பேன். அசையாது. சில வாரம் கூட இருக்கும். நடந்து நடந்து காலு வலிச்சதுதான் மிச்சம்."

"வாரத்துல என்னைக்குக் கேறுவ?"

"திங்கக்கிழம காலையில. ஞாயிறு லீவுலா. புதுசாத் தொடங்குத மாதிரி இருக்கும்."

"ஞாயித்துக்கிழம உங்க வீட்ல என்ன?"

"என்னவா? சர்ச்சு விட்டு வந்தா கிழங்கும் மீனும். சாயங்காலம் தம்பி வீட்ல எறச்சியும் பொறாட்டாவும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "எக்கா, அதனாலயா?"

"எனக்குத் தெரியாது பிள்ளே. நான் மெஷின் இல்ல. நீ சொல்லு, இந்த நூலு என்னத்துக்கு?"

"இறுக்கமா இருந்தா தின்ன மாட்டேன்னு நெனச்சேன். தின்னா மூச்சு முட்டும், அப்போ நிறுத்திருவேன்னு."

"நிறுத்துனியா?"

"மத்தியானம் நிறுத்துனேன். ராத்திரி வீட்ல வந்து இதைக் கழட்டுனதும் சட்டியோட எடுத்துத் தின்னேன்."

கையைத் தூக்கிக் காட்டினாள். அக்குள் உரசிச் சிவந்து தோல் போயிருந்தது. கை வீசி நடக்க முடியவில்லை. அதனால் ஆட்டோ. நவம்பரில் நின்றதற்குக் காரணம் இதுதான். மடியும் சோம்பலும் இல்லை, மறதி இல்லை. சீக்கிரம் குறைய வேண்டும் என்று போட்ட நூல்தான் நடையை நிறுத்தியது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. டைட்டாகத் தை என்று கேட்கிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். உடம்பு தோற்றுப்போனதற்கு ஒரு அடி. அடி வாங்கினால் அது திருந்தும் என்று நினைக்கிறார்கள். நம்மைத்தான் பிரம்பை எடுக்கச் சொல்கிறார்கள். இவள் என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, தானே எடுத்துக்கொண்டாள்.

எழுப்பி நிறுத்தி அளவெடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு, இடுப்பு, கை. பிறகு டேப்பைப் பிளவுஸில் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். போன கிறிஸ்மஸுக்கு நான் பிரித்து விட்டேனே, அந்த அளவுக்கு அவள் உடம்பு சரியாக நின்றது.

"உனக்குக் கடைசித் தையலைப் பிரிக்க வேண்டாம். நீ போட்ட நூலை எடுத்தா போதும்."

"அப்போ ஒண்ணும் குறையல்ல."

"கூடவும் இல்ல."

"சமாதானம் சொல்லாதிய அக்கா."

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. பிளவுஸைத் திருப்பி லைட்டுக்குக் கீழே பிடித்தேன். பிரித்த தையல்களின் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"இது மொத வருசம் பிரிச்சது. இது அதுக்கு அடுத்த கிறிஸ்மஸ். இது போன வருசம். இந்த வருசத்துக்கு உள்ளதைக் காட்டு."

அவள் குனிந்து தேடினாள். விரலால் தடவிப் பார்த்தாள். இல்லாததை எங்கே காட்டுவாள்?

"ஒவ்வொரு டிசம்பரும் நான் பிரிச்சேன். இந்த டிசம்பர் பிரிக்க வேண்டாம். அது ஏன்னு எனக்கு அறியணும். இந்த வருசம் நீ வேற என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல்ல. நடந்தேன். அதையும் விட்டேன்."

"நடந்த நாளு எப்பிடிப் போச்சு? பஸ்ஸை விட்டு இறங்குனதுல இருந்து சொல்லு."

அவள் சொன்னாள். இறங்குவாள், எனக்குக் கை காட்டுவாள், வயல் வழியே வீடு, போய்ச் சேரும்போது மீன்சட்டி அடுப்பில் இருக்கும், பசியோடு சாப்பிடுவாள், படுப்பாள்.

"ஆட்டோவுல போன நாளு?"

"இறங்கி ஸ்டாண்டுல நிப்பேன். ஷேர் ஆட்டோ நிறையணும்லா. நிறையது வரைக்கும்..." மறுபடியும் நிறுத்தினாள். இந்தத் தடவை வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பேக்கரி வாசல்லதான அக்கா ஸ்டாண்டு."

"என்ன வாங்குவ?"

"ஒரு பப்ஸ். இல்லேன்னா பழம்பொரி. சும்மா நிக்கக் கூச்சமா இருக்கும்லா. வீட்ல போய்ப் பெறகும் தின்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வருசக்கணக்காக அந்த ஸ்டாண்டையும் பேக்கரியையும் பார்த்துக்கொண்டுதான் தைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. நடப்பது என்றால் கால் நடப்பது மட்டும் என்று நினைத்திருந்தோம். அது அவளைப் பேக்கரி வாசலிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோயிருக்கிறது. அவள் தன்னை அடக்கவில்லை, ஆசையை விடவில்லை. அந்த வாசலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"உள்ள என்ன, ரெண்டு பேரும் உறங்கிட்டியளா?" வெளியிலிருந்து லீலாக்கா.

"அளவு ரொம்ப உண்டு லீலாக்கா" என்று ஷைலாவே சத்தமாகச் சொன்னாள். "எழுதித் தீரல்ல."

ரோஸ் நூலை நான் பிரிக்கவில்லை. முனையை அவள் கையில் கொடுத்தேன். அவளே இழுத்தாள். கைத்தையல், சர்ரென்று வந்தது. பிறகு அக்குளில் சின்னத் துண்டு ஒன்று வைத்துக் கொடுத்தேன், கை தூக்கினால் பிடிக்காமல் இருக்க. கைமடிப்புக்கு உள்ளே விட்ட துணியிலிருந்தே எடுத்தேன். கடைசித் தையலைத் தொடவில்லை.

"ஏன் அதை விட்டிய?" என்று கேட்டாள்.

"வேணும்னா பிரிக்கலாம். வெக்கப்படாம கொண்டு வா. இன்னைக்கு வேண்டாம்."

கூட்டம் முறைத்துக்கொண்டிருந்தது. கல்யாண வேலை அன்று முடியவில்லை. மறுநாள் அதற்கு ஏச்சும் கேட்டேன். கேட்டுக்கொண்டேன். அவசர நேரத்தில் எந்த வேலை அவசரம் என்று பார்க்க வேண்டும். வரிசையில் முதலில் நிற்பவரின் வேலையாகவே அது இருக்கும் என்று இல்லை.

பிறகு அவள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டாள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவில்லை. புண் ஆற ஒரு வாரம் ஆனது. ஜனவரியில் நடந்தாள். ஒரு நாள் கை காட்டாமல் கடைக்குள்ளேயே வந்தாள்.

"அக்கா, புதன்கிழம கேறிப் பாத்தேன். திங்களைவிடக் குறைவு."

"நல்லது."

"வியாழன் திரும்பக் கேறுனேன். கூடிட்டு. அந்த மெஷினுக்குத்தான் நோய்."

"நீ ஒண்ணு செய். மாசத்துல ஒரு தடவை கேறு. நடுவுல அது கிடந்து என்ன வேணும்னாலும் காட்டட்டு."

அவள் அதைச் செய்தாளா தெரியாது. வேறொன்று செய்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிற நாட்களில் நின்று நின்று கால் வீங்கிவிடும், நடக்க முடியாது. அந்த நாட்களில் பஸ்ஸில் இருந்தபடியே தெரிந்த ஆட்டோக்காரனைப் போனில் கூப்பிடுவாள். பேக்கரியைத் தாண்டி, என் கடைக்கு எதிரே வந்து நிற்கச் சொல்லுவாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கே வந்து ஏறிப் போய்விடுவாள்.

"ஸ்டாண்டுல நிக்காம எனக்க வாசல்ல எதுக்குப் பிள்ளே ஆட்டோ?" என்று கேட்டேன்.

"உங்க கடையில திங்க ஒண்ணும் இல்லையே அக்கா."

முன்னால் என்றால் ஒரு நாள் நடக்க முடியாமல் போனால் அதோடு எல்லாம் போச்சு என்று விட்டுவிடுவாள். சோற்றையும் அப்படித்தான் விட்டாள், பவுடரையும் அப்படித்தான். இப்போது நடக்க முடியாத நாளுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். எனக்கு அதுதான் புதிதாக இருந்தது. நல்ல நாளில் யாரும் நடப்பார்கள். ஆகாத நாளுக்கு அவள் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் முகம் செத்து வந்தாள். மெஷின் பழைய நம்பருக்கே போய்விட்டது. மூட்டையில் உட்கார்ந்து, எல்லாம் வீண் என்றாள். நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்தேன்.

"நாளைக்கு நடப்பியா?" என்றேன்.

"நடப்பேன். நடக்காம இருந்தா ஒறக்கம் வர மாட்டேங்குது."

"அப்போ செரி."

எழுந்து போனாள். ரோட்டைப் பார்த்தேன். வயல் பக்கம்தான் திரும்பினாள்.

மார்ச்சில் ரத்தம் கொடுத்தாள். முடிவு வருகிற நாள் எனக்குத் தெரியும். அன்று பஸ் வந்தது, அவள் இல்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. கையில் இருந்த பிளவுஸுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருசத்தில் நான் செய்யாத வேலை அது. உட்கார்ந்து பிரித்தேன்.

கடை அடைக்கிற நேரம் வந்தாள். நான் கேட்கவில்லை. மேசையில் ஒரு துணியை வைத்தாள். சுடிதார் துணி, கடும் நீலம்.

"இதைத் தைக்கணும் அக்கா. நடக்கதுக்கு."

"சேலை என்ன ஆச்சு?"

"காலையிலயும் கொஞ்சம் நடக்கலாம்னு. சேலையில முடியல்ல. கையி லூசா வையுங்க. பாக்கெட் ஒண்ணு வேணும், போனு போட. ஆழமா."

"பெண்ணுங்க சுடிதாருக்குப் பாக்கெட்டா?" பெஞ்சில் லீலாக்கா அன்றைக்கும் உண்டு. "பப்ஸ் வைக்கவா?"

"நீங்க கூட வந்தா உங்களையே வைக்கலாம் லீலாக்கா. வாறியளா காலையில?"

லீலாக்கா ஏதோ முணுமுணுத்தாள். வருகிறேன் என்றாளா, மாட்டேன் என்றாளா கேட்கவில்லை.

டேப்பை எடுத்தேன். கையை விரித்து நின்றாள். நெஞ்சைச் சுற்றி டேப் வரும்போது மெல்லச் சொன்னாள்.

"சுகரு கூடல்ல அக்கா."

நான் டேப்பைப் பிடித்தபடி நின்றேன். "குறைஞ்சுதா?"

"நூலளவு. மாத்திரை இப்போ வேண்டாம், இப்பிடியே போவட்டு, பெறகும் பாப்போம்னு டாக்டர் சொன்னாரு."

அவள் அழவில்லை. நானும் இல்லை. இடுப்பை அளந்தேன். போன கிறிஸ்மஸைவிடக் கொஞ்சம் உள்ளே இருந்தது. கொஞ்சம்தான். சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. பாக்கெட் எந்தப் பக்கம் இருந்தால் நடக்கும்போது தட்டாது என்பதில்தான் அவளுக்கு நினைப்பு.

துணியை மேசையில் விரித்தேன். சாக்பீஸால் கோடு போடுமுன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"உள்ள எவ்வளவு விடணும்?"

அவள் யோசித்தாள். இத்தனை வருசத்தில் அந்தக் கேள்விக்கு அவள் யோசித்து நான் பார்த்ததில்லை.

"நல்லா விடுங்க அக்கா. கூடுனாலும் குறைஞ்சாலும் நான் இதையே போட்டு நடக்கணும்லா."

அப்படியே வெட்டினேன்.